ஒண்ணேகால் கோடிக்குக் கொஞ்சம் குறைவு

மதுரையில் அந்தக் காலத்தில் கோபக்காரர்களுக்குக் குறைச்சலே கிடையாது. சாம்பாரில் உப்பு குறைந்தால் இலையோடு தூக்கி வீசுகிறவர், ஜட்காக் குதிரை தன்னைப் பார்த்துக் கனைத்தது என்று வண்டிக்காரரை அடிக்கப் போனவர், மழை வந்தால் மழையையே திட்டுகிறவர் என்று தெருவுக்கு நாலு பேர் இருந்தார்கள். ஆனால் ஒரு எண்ணுக்காகக் கோபப்பட்ட மனிதர் மதுரை ஜில்லாவிலேயே ஒருவர்தான். அவருக்கு ஈடாக இன்னொருவர் பிறக்கவில்லை. பிறந்திருந்தால் இரண்டு பேரும் அடித்துக்கொண்டு அன்றைக்கே முடிந்திருப்பார்கள்.

யுத்தத்துக்கு முந்தின வருஷங்கள். தெற்கு மாசி வீதியை ஒட்டிய ஒரு சந்தில் நாங்கள் குடியிருந்த லாட்ஜ் இருந்தது. நீளமான தாழ்வாரம், வரிசையாக எட்டு அறைகள், வாசலோரம் முதலாளி வந்தால் உட்காருகிற தனி அறை ஒன்று. முதலாளி திருமங்கலத்துப் பஞ்சு வியாபாரி. சகுனம் பார்க்காமல் தும்மக்கூட மாட்டார். கட்டடம் கட்டி முடித்து, கதவுகளில் நம்பர் எழுதப் பெயிண்டர் வந்தபோது, "எட்டு மட்டும் வேணாம்ப்பா, அது சனியன் பிடிச்ச நம்பர். ஏழுக்கப்புறம் ஒம்பது போட்டுரு" என்று சொல்லிவிட்டார். பெயிண்டரும் அப்படியே எழுதினார். எட்டாவது அறையின் கதவில் ஒன்பது என்று இருந்தது. தாழ்வாரத்தின் இந்தக் கோடியில் நின்று பார்த்தால் கதவுகள் 1 2 3 4 5 6 7 9 என்று நிற்கும்.

அந்த ஒன்பதில் குடியிருந்தவர்தான் நம்முடைய ஆசாமி. அவருடைய நிஜப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'ஒண்ணேகால் கோடி'.

பெயரைக் கேட்டு ஏமாந்தவர்கள் பலர். சொத்து ஒன்றேகால் கோடி என்று நம்பிக் கல்யாணத் தரகர் ஒருவர் ஜாதகக் கட்டோடு வந்து நின்றிருக்கிறார். ஐயாவுக்கு இருந்த சொத்து ஒரு டிரங்குப் பெட்டி, கழுத்து நைந்த இரண்டு கோட்டுகள், ஒரு பக்கக் கம்பி உடைந்து நூலால் காதில் கட்டிய மூக்குக்கண்ணாடி. கணக்கில் பி.ஏ. படித்தவர். மூன்று பள்ளிக்கூடங்களில் வாத்தியாராக இருந்து மூன்றிலும் ஹெட்மாஸ்டரோடு சண்டை போட்டு வெளியே வந்து, கடைசியில் கோர்ட்டில் நகல் எழுதுகிற குமாஸ்தாவாக ஒதுங்கியிருந்தார்.

அவர் எதிரில் அந்தப் பெயரைச் சொல்லக்கூடாது. பின்னால் சொன்னாலும் ஆபத்துதான். குழாயடியில் இரண்டு பேர் கிசுகிசுத்தாலும் போதும், ஒன்பதாம் நம்பர்க் கதவு படார் என்று திறக்கும்.

"எவன்டா அது ஒண்ணேகால் கோடி? ஒரு லட்சத்து அம்பத்து நாலாயிரத்து முன்னூத்து இருபத்தொண்ணு குறையுதுடா! ஒங்க அப்பன் வீட்டுலருந்து கொண்டாந்து போடுவியா?"

அவருக்குப் பட்டப் பெயர் வைத்ததில் கோபம் கிடையாது. தோராயமாக வைத்ததில்தான் கோபம்.

நான் எழுமலையிலிருந்து தல்லாகுளத்தில் ஒரு ஆபீஸில் வேலை கிடைத்து வந்தவன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்தில் நுழைந்த முதல் நாளே நான் செய்த காரியம், கதவுகளை வரிசையாகப் படித்ததுதான். ஆறாம் நம்பர் வாசலில் பஸ் கண்டக்டர் மொக்கைச்சாமி உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார்.

"என்னண்ணே, நடுவுல எட்டு விட்டுப்போச்சு?" என்றேன்.

மொக்கைச்சாமி சோப்பு நுரையோடு எழுந்து வந்து என் வாயைப் பொத்தினார். அதற்குள் கதவு திறந்துவிட்டது.

"எட்டு விட்டுப்போச்சா? யார்றா சொன்னது? வாடா உள்ள!"

உள்ளே போனால் சுவர் முழுக்கக் கரிக்கட்டியால் எழுதிய கணக்கு. கரியை என் கையில் திணித்து, 12345679 என்று எழுதச் சொன்னார். "ஒரு கோடியே இருபத்து மூணு லட்சத்து நாப்பத்தையாயிரத்து அறுநூத்து எழுபத்தொம்பது. வாய்விட்டுச் சொல்லு. இப்ப ஒம்பதால பெருக்கு" என்றார். பயத்தில் பெருக்கினேன். ஒன்று வந்தது. அடுத்ததும் ஒன்று. அதற்கடுத்ததும். கடைசியில் ஒன்பது ஒன்றுகள் வரிசையாகச் சுவரில் நின்றன. நான் திரும்பி அவரைப் பார்த்தேன். அவர் மீசை துடித்துக்கொண்டிருந்தது. "நடுவுல உன் எட்டைச் சொருகிட்டுப் பெருக்கிப் பாரு, வருதான்னு. எதையும் தெரியாம விட்டுப்போச்சுன்னு சொல்லாதடா மடையா" என்றார். எழுமலையில் எங்கள் அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை.

அந்த எண்ணை அவர் கண்டுபிடித்ததே ஒரு சண்டையில்தான் என்று பிறகு மொக்கைச்சாமி சொன்னார். குடிவந்த அன்றைக்கு எட்டு எங்கே என்று முதலாளியிடம் சண்டை போட்டிருக்கிறார். படித்தவன் இருக்கிற இடத்தில் இந்த மூட நம்பிக்கை எதற்கு, எட்டை எழுது என்று கத்தியிருக்கிறார். முதலாளி மசியவில்லை. கதவுகளின் லட்சணத்தை அப்படியே சுவரில் எழுதிக் காட்டுகிறேன் பார் என்று கரியை எடுத்தவர், எழுதின கோபம் தீராமல் தன் அறை நம்பரான ஒன்பதால் பெருக்கியும் வைத்தார். வந்த விடையைப் பார்த்துவிட்டு அரை நாள் யாரையும் திட்டவில்லையாம். அதற்குப் பிறகு கட்சி மாறிவிட்டார். எட்டைப் போடு என்று கத்தியவர், எட்டைப் போட்டால் கையை ஒடிப்பேன் என்று கத்த ஆரம்பித்தார். ஒரு பொங்கலுக்கு வெள்ளையடிக்க வந்த புதுப் பெயிண்டர், பாவம், முறையாக இருக்கட்டுமே என்று ஒன்பதை எட்டாகத் திருத்தப் போனார். ஏணியோடு சேர்த்து அவரைத் தெற்கு மாசி வீதி வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார் ஐயா.

அதிலிருந்து லாட்ஜுக்கு யார் வந்தாலும் தப்ப முடியாது. பால்காரர், வண்ணார், தந்தி கொண்டுவருகிறவர், எல்லோரையும் மடக்குவார்.

"ஒனக்குப் பிடிச்ச நம்பர் ஒண்ணு சொல்லு. ஒண்ணுலருந்து ஒம்பதுக்குள்ள."

மொக்கைச்சாமி ஆறு என்பார். "ஆறொம்பது அம்பத்து நாலு. அம்பத்து நாலால பெருக்கு" என்பார் ஐயா. பெருக்கினால் ஒன்பது ஆறுகள் வரும். மூன்று என்றால் இருபத்தேழு. ஒன்பது மூன்றுகள் வரும். பிடித்த எண்ணைக் கேட்டால் கொஞ்சமும் கஞ்சத்தனம் இல்லாமல் ஒன்பது தடவை அள்ளிக் கொடுக்கிற எண் அது. இலக்கங்களைக் கூட்டினால் முப்பத்தேழு வருகிறது, முப்பத்தேழால் மீதியில்லாமல் வகுபடவும் செய்கிறது என்பார். எட்டால் பெருக்கினால் 98765432 என்று வரிசையே தலைகீழாகத் திரும்பி நிற்கும். "எட்டை உள்ள விட்டதும் ஒண்ணு வெளிய போயிருச்சு பாத்தியா?" என்று கேட்பார். பஸ்ஸிலும் அப்படித்தான், ஒரு ஆள் ஏறினால் ஒரு ஆளை இறக்கித்தானே ஆகவேண்டும் என்றார் மொக்கைச்சாமி. அதற்காக ஐயா அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.

ஆனால் ஒரு மனக்குறை அவருக்கு உண்டு. பிடித்த நம்பர் கேட்டால் ஒருத்தரும் எட்டு என்று சொல்வதில்லை. மதுரையில் எவன் சொல்லுவான்? "ஒருத்தனாச்சும் எட்டைக் கேளுங்கடா! காணாமப் போனவனைக் கேட்டா என்ன குடுக்குதுன்னு பாக்க வேணாமா?" என்று கத்துவார். எனக்கும் கேட்க வாய் வரவில்லை. அப்போது எனக்குக் கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது.

அவருடைய கோபத்தில் நான் சாப்பிட்ட ஒரு பங்கையும் சொல்ல வேண்டும். எங்கள் அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று ஊரிலிருந்து ஆள் வந்து சொன்னபோது, ஆபீஸில் ஹெட்கிளார்க் லீவு தரமாட்டேன் என்றுவிட்டார். லாட்ஜுக்கு வந்து முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் ஐயா கோட்டை மாட்டிக்கொண்டு, வெயிலில் வைகைப் பாலத்தைக் கடந்து தல்லாகுளத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். உள்ளே நுழைந்து முதல் மேஜையில் இருந்தவரைப் பிடித்து, பெற்ற அப்பனுக்கு முடியாதபோது லீவு தராத நீ மனுஷனா என்று ஆபீஸே நடுங்குகிற மாதிரி திட்டித் தீர்த்தார். திட்டு வாங்கினவர் ஹெட்கிளார்க் இல்லை, ஏதோ வேலையாக வந்திருந்த கிராம முன்சீப் என்று நான் காதில் சொன்னேன். கொஞ்சமும் கூசாமல் அடுத்த மேஜைக்குப் போய் அதே திட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார். ஹெட்கிளார்க் லீவு எழுதிக் கொடுத்ததோடு இல்லாமல் கையெழுத்தை இரண்டு இடத்தில் போட்டுக் கொடுத்தார்.

அந்த வருஷம் முதலாளிக்குப் போதாத வருஷம். திருமங்கலத்துக் குடோனில் பஞ்சு நனைந்துவிட்டது. இரண்டு வண்டிமாடுகள் செத்துவிட்டன. நிச்சயமாகியிருந்த மகள் கல்யாணம் நின்றுபோய்விட்டது. எதனால் எதனால் என்று தேடிக்கொண்டிருந்த மனுஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாடகை வாங்க வந்தார். அன்றைக்கென்று பார்த்து ஐயா மகா சந்தோஷத்தில் இருந்தார். அந்த எண்ணில் எட்டு எங்கே போயிற்று என்ற ரகசியம் அன்று காலையில்தான் அவருக்குப் பிடிபட்டிருந்தது. எங்களுக்குச் சொன்னார், நாங்கள் கொட்டாவி விட்டோம். முதலாளியைப் பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, கேளுங்க. ஒண்ணை எம்பத்தொண்ணால வகுத்தா, புள்ளிக்கு அப்புறம் நம்ம நம்பரேதான் வருது, வரிசையா ஆள் வாராய்ங்க. பூஜ்யம், ஒண்ணு, ரெண்டு, மூணு... ஒங்க லாட்ஜ் மாதிரிதான், ரூமுக்கு ஒரு ஆள். எட்டும் எட்டாத்தான் வந்து உக்காருது. அடுத்து ஒம்பது. அதுக்கடுத்து பத்து வருது. பத்துங்கிறது ரெண்டு இலக்கம், ஒரு ரூம்ல அடங்குமா? அடங்காது. ஒண்ணை முந்தின ரூமுக்குத் தள்ளுது. அங்க இருந்த ஒம்பது பத்தாகுது. அதுவும் ஒண்ணை முந்தின ரூமுக்குத் தள்ளுது. அங்க யாரு இருக்கா?"

"எட்டு" என்றார் முதலாளி. ஊன்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எட்டும் ஒண்ணும்?"

"ஒம்பது."

"அம்புட்டுத்தான்! எட்டு எங்கயும் போகலை மொதலாளி. ஒம்பதுன்னு வேசம் கட்டிக்கிட்டு நிக்குது. இந்த ஒம்பதுதான் எட்டு!" என்று தன் அறைக் கதவில் எழுதியிருந்த ஒன்பதை ஓங்கித் தட்டினார்.

முதலாளியின் முகம் வெளுத்தது. "இம்புட்டு நாளா அது இங்கனயேதான் இருந்துச்சா?"

"இங்கனயேதான்!"

"இந்த ரூம்லயா?"

"இதே ரூம்லதான்!"

ஒரு தடவை சொன்னதுமே புரிந்துகொண்ட முதல் ஆள் என்று முதலாளியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி கையை உதறிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். அங்கிருந்தே தீர்ப்புச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஆசாரியோடு வருவாராம், அந்த அறைக் கதவைப் பலகை வைத்து ஆணியடித்து மூடிவிடுவாராம், அதற்குள் ஐயா வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

வேறு இடம் எங்கே இருக்கிறது? மதுரையில் அவர் சண்டை போட்டு வெளியே வராத லாட்ஜ் கிடையாது. சம்சாரம் இறந்து எத்தனையோ வருஷம். போய் நிற்க ஒரு உறவு இல்லை. இதெல்லாம் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அன்று சாயந்தரம் நாங்கள் சந்தோஷமாகத்தான் இருந்தோம். இனிமேல் மத்தியானம் நிம்மதியாகத் தூங்கலாம் என்றார் மொக்கைச்சாமி. நானும் சிரித்தேன்.

இருந்தாலும் மனசு கேட்காமல் மறுநாள் போய்ச் சொன்னேன். "சார், ஒம்பது ஒம்பதுதான், நான் சும்மா சொன்னேன்னு மொதலாளிட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. விட்டுருவாரு."

"பொய் சொல்லச் சொல்றியா? ஒரு நம்பர் மேல? வெளிய போடா!" என்றார்.

அதற்குப் பிறகு ஒன்பதாம் நம்பர் அறையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. குழாயடியில் மொக்கைச்சாமி வேண்டுமென்றே 'ஒண்ணேகால் கோடி' என்று உரக்கச் சொல்லிப் பார்த்தார். கதவு திறக்கவில்லை. இன்னொரு தடவை சொன்னார். திறக்கவில்லை. மொக்கைச்சாமி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

வியாழக்கிழமை நான் ஆபீஸிலிருந்து வந்தபோது அவரே கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "தம்பி, சிரமம் இல்லைன்னா கொஞ்சம் தண்ணி கொண்டு வாங்க" என்றார்.

வாங்க என்றார்! என்னை! வாளியில் தண்ணீர் கொண்டுபோனேன். பழைய வேட்டியை நனைத்துச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். முதலாளிக்குச் சுவர் சுத்தமாக இருக்கட்டும் என்றார். ஒன்றுகள், ஆறுகள், மூன்றுகள் எல்லாம் கறுப்புத் தண்ணீராக வழிந்துகொண்டிருந்தன. டிரங்குப் பெட்டியைக் கட்டி வைத்திருந்தார்.

எனக்கு வந்த கோபத்தை இன்றைக்கும் எழுதத் தெரியவில்லை. மாடு செத்ததற்கும் பஞ்சு நனைந்ததற்கும் ஒரு கிழட்டுக் குமாஸ்தாவைத் தெருவில் நிறுத்துகிறவனைப் பார்த்துக் கோபம். அவனுக்குச் சரி என்று தலையாட்டிவிட்டுத் தூக்கத்தைப் பற்றிப் பேசின எங்கள் மேல் அதைவிடக் கோபம். நேரே ஆறாம் நம்பருக்குப் போனேன்.

"அண்ணே, எட்டுன்னாத்தான் அந்தாளுக்குப் பயம்? எட்டையே குடுப்போம்."

"எங்க குடுக்க மாப்ள?"

"எல்லாக் கதவுலயும்."

மொக்கைச்சாமி பஸ் டெப்போவிலிருந்து வெள்ளைப் பெயிண்ட் கொண்டுவந்தார். மற்ற அறைக்காரர்களும் வந்தார்கள். ஒருத்தரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. அவரவர் கதவில் அவரவரே எழுதினார்கள். ஒன்பதில் அவர் வெளியே போயிருந்த சமயம் பார்த்து நான் எழுதினேன். திரும்பி வந்தவர் தலையைக் குனிந்தபடியே உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் முதலாளி ஆசாரியோடு தாழ்வாரத்தில் கால் வைத்தார். வைத்த காலை எடுத்துவிட்டார். எட்டுக் கதவுகளிலும் எட்டு.

"யாருடா... யாரு பாத்த வேலை இது?"

"எட்டாம் நம்பரை அடைக்கணும்னீங்கள்ல மொதலாளி?" என்றார் மொக்கைச்சாமி. "அடைங்க. எந்த எட்டை அடைக்கப் போறீங்க?"

நான் சத்தம் போட்டேன். அதுவரை எந்த முதலாளியிடமும் போடாத சத்தம். "அவர் எட்டுன்னா நாங்களும் எட்டுத்தான். எல்லாத்தையும் அடைச்சிட்டு லாட்ஜுல பஞ்சைக் கொட்டி வைங்க!" என்றேன்.

அந்தச் சத்தத்தில் ஒன்பதாம் நம்பர்க் கதவு திறந்தது. கையில் பெட்டியோடு ஐயா வெளியே வந்தார். தன் கதவைப் பார்த்தார். பக்கத்துக் கதவைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். பெட்டியைக் கீழே வைத்தார். மீசை துடித்தது.

"எவன்டா எழுதினது?"

மொக்கைச்சாமி பெயிண்ட் காயாத பிரஷை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"அறிவிருக்காடா ஒங்களுக்கு? எட்டைக் கேக்குறதுன்னா முழுசாக் கேக்க வேணாமா? எட்டொம்பது எழுபத்திரண்டு. எழுபத்திரண்டால பெருக்குனா ஒம்பது எட்டு வரும்டா, ஒம்பது! இங்க எட்டுத்தான இருக்கு? இன்னொண்ணு எங்கடா, மடப்பயலுகளா?"

மொக்கைச்சாமியின் கையிலிருந்த பிரஷை ஐயா பிடுங்கிக்கொண்டு போனார். வாசலோரம் முதலாளியின் சொந்த அறைக் கதவில், மேலிருந்து கீழ்வரை, ஆள் உயரத்துக்கு ஒரு எட்டு எழுதினார்.

முதலாளி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அய்யய்யோ, அழிங்கய்யா! பழைய நம்பரையே போட்டுத் தொலைங்க. யாரும் எங்கயும் போக வேணாம். ஒம்பது ஒம்பதாவே இருந்துட்டுப் போகட்டும்!"

"ஒம்பதா? அது எட்டுன்னு எத்தனை தடவைய்யா..." என்று ஐயா ஆரம்பித்தார். நான் பாய்ந்து அவர் வாயைப் பொத்தினேன். கையைத் தட்டிவிடுவார், அறைவார் என்று எதிர்பார்த்தேன். ஒன்றும் செய்யவில்லை. என் உள்ளங்கைக்குள் மீசை மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, கண்ணாடிக்குப் பின்னால் கண் நனைந்திருந்தது. சாயந்தரம் சுவரில் புதுக் கரியால் எழுபத்திரண்டாம் வாய்ப்பாட்டுக் கணக்கை எழுதிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்க்காமலே, "கடைசில கேட்டுட்டீங்களேடா" என்றார்.

யுத்தம் வந்து நாங்கள் ஆளுக்கொரு பக்கம் போனோம். அவர் அந்த அறையிலேயேதான் இருந்து இறந்தார் என்று மொக்கைச்சாமி எழுதினார்.

இந்தக் கட்டுரையில் எத்தனையோ தடவை ஒண்ணேகால் கோடி, ஒண்ணேகால் கோடி என்று எழுதிவிட்டேன். எழுதும்போது ஒவ்வொரு தடவையும் வாய்விட்டும் சொன்னேன். ஒரு லட்சத்து ஐம்பத்து நாலாயிரத்து முன்னூற்று இருபத்தொன்று குறைகிறது சார், எனக்குத் தெரியும். இருந்தாலும் கதவைத் திறந்துகொண்டு வந்து நீங்கள் ஒருதரம் சொன்னால் நன்றாக இருக்கும்.